ஜன்னல் பக்கக் கன்னம்

அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மூன்று மாதம் பாடுபட்டேன். குறை கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒயிட்ஃபீல்டில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் பகுதியில் இருக்கிறேன். தைத்து வருகிற சட்டையை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, காலரில் எண்ணெய்க் கறை, காஜாவில் பிசிறு, பாக்கெட் ஓரத்தில் விட்டுப்போன தையல் என்று பார்த்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எவ்வளவு கைதேர்ந்த டெய்லர் தைத்தாலும் ஒன்றாவது அகப்பட்டுவிடும். அப்படிப்பட்ட என் கண்ணுக்கு, பெங்களூர் போகிற மாரிக்குப்பம் ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்த அந்த முகத்தில் ஸ்டிக்கர் ஒட்ட இடமே கிடைக்கவில்லை.

அவள் சிவப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சிவப்பாக இருந்திருந்தால் பிறப்பு அப்படி என்று விட்டிருப்பேன். என் நிறம்தான், இன்னும் கொஞ்சம் தூக்கலான கறுப்பு என்றுகூடச் சொல்லலாம். ஆனால் மழை விட்ட பிறகு தார் ரோடு இருக்குமே, அப்படி ஒரே சீராக, ஒரு மினுமினுப்போடு இருந்தது. என் முகத்தில் நெற்றிக்கு ஒரு நிறம், மூக்குக்கு ஒரு நிறம், வாயைச் சுற்றி ஒரு நிறம். செக்கிங்கில் இதை ஷேடு வேரியேஷன் என்போம். அந்த மாதிரி வருகிற சட்டையைத் தனியாகக் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவோம். வயது கேட்டேன். நாற்பத்து மூன்று என்றாள். எனக்கும் அதேதான். அன்றைக்கே மனதுக்குள் அவளுக்கு மினுக்கி என்று பெயர் வைத்தேன்.

வெறும் மினுமினுப்போடு போயிருந்தால் என் எரிச்சலும் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும். அவள் எடுத்துக்கொள்ளப் பார்த்தது என் அக்காவை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. ரயிலில் கிடைத்தவள். பதினோரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குப் போக ஆரம்பித்த இரண்டாவது நாள், ஏறுகிற நெரிசலில் என் செருப்பு ஒன்று தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு நின்று அழுதவளைப் பார்த்து, பையிலிருந்து தன் ஆஸ்பத்திரிச் செருப்பை எடுத்துப் போட்டவள் அவள். "சாயங்காலம் குடுத்துடுமே. ஓடிட மாட்டியே?" என்று கேட்டாள். அந்தச் செருப்போடு எங்கே ஓடுவது, அது எனக்கு இரண்டு அளவு பெரியது. கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற வேலை அவளுக்கு. வாயைத் திறந்தால் பெட்டியே சிரிக்கும். சண்டை போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களைக்கூட, "உள்ள வாங்க, கேஜு எறங்கப் போவுது, கையக் கால உள்ள இழுத்துக்கங்க" என்று எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஆட்களைக் கூண்டில் இறக்குகிற மாதிரி சொல்லிச் சமாதானப்படுத்திவிடுவாள்.

எங்கள் ரயிலில் ஒரு சட்டம் உண்டு. வண்டி புறப்படுகிற மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள், அடுத்தடுத்த ஸ்டேஷனில் ஏறப்போகிற தங்கள் ஆளுக்காகக் கர்ச்சீப் போட்டு இடம் பிடித்து வைக்கலாம். அதை யாரும் எடுக்க மாட்டார்கள். என் வீடு ஆண்டர்சன்பேட்டையில். அக்கா ஊரிகத்தில் ஏறுகிறவள். அதனால் ஆறரை மணி வண்டிக்கு ஆறு மணிக்கே போய் நின்று, லேடீஸ் பெட்டியில் ஜன்னல் சீட்டுக்குக் கர்ச்சீப் போடுவது என் வேலை. அதுவும் எந்த ஜன்னல் என்று கணக்கு இருந்தது. அக்காவுக்கு எதிர்க்காற்று ஆகாது, கண்ணில் தண்ணீர் கொட்டும். ஆகவே எஞ்சினுக்கு முதுகு காட்டிய சீட்டு. பக்கத்தில் நான். காய்ச்சலோடு போன நாளில்கூட அந்த ஜன்னலை நான் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு தடவை கையில் குழந்தையோடு ஏறியவள் கேட்டும் தரவில்லை. அக்காதான் ஏறி வந்து என்னைத் திட்டிவிட்டு அவளுக்கு எழுந்து கொடுத்தாள்.

அக்காவுக்கு ஐந்தாறு வருடமாகக் கன்னத்தில் மங்கு. வெளிர் துணியில் டீ சிந்திக் காய்ந்தால் வருமே, அப்படிப் பழுப்பாகப் படர்ந்திருந்தது. "இந்தியா மேப்பு வந்துடுச்சு, இன்னும் ஸ்ரீலங்கா தான் பாக்கி" என்பாள். சிரிப்பாள். ஆனால் மகளின் நிச்சயதார்த்த ஆல்பத்தைக் காட்டியபோது பார்த்தேன், எல்லாப் படத்திலும் இடது கன்னத்தை மட்டும் கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். கல்யாணம் தை மாதம். அதற்குள் கொஞ்சமாவது குறைய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்காக எலுமிச்சை தேய்த்தாள், துணி சோப்புப் போலக் காரமான ஒன்றைப் போட்டு நாளைக்கு மூன்று தடவை கழுவினாள், யார் எதைச் சொன்னாலும் பூசினாள். நானும்தான் நாலு சொன்னேன்.

இந்த நேரத்தில்தான் மினுக்கி வந்து சேர்ந்தாள். பெங்களூரில் புருஷனோடு இருந்தவள், அவர் இறந்த பிறகு எங்கள் ஊர் நந்திதுர்க் பகுதியில் இருக்கிற அம்மாவோடு வந்து தங்கியிருந்தாள். கன்டோன்மென்ட் அருகே ஒரு தோல் டாக்டரிடம் உதவியாளாக வேலை. மாரிக்குப்பத்தில்தான் ஏறுவாள், எங்களுக்கு எதிரே உட்காருவாள். முதல் வாரம் வணக்கம், சிரிப்பு. இரண்டாவது வாரம் அக்கா கேட்டேவிட்டாள், முகத்துக்கு இன்னா போடறே என்று. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

அவள் சொன்ன முதல் வைத்தியம், எதுவும் போடாதே என்பது. பத்து நாளைக்கு எலுமிச்சை, மஞ்சள், கிரீம், எல்லாவற்றையும் நிறுத்து, வெறும் தண்ணீரில் கழுவு, தோல் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்றாள். இதைச் சொல்ல ஒரு டாக்டரிடம் வேலை பார்க்க வேண்டுமா என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். பத்து நாள் கழித்து ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். காலையும் சாயங்காலமும் நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷ். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. ஈரம் காயும் முன்னால் மாய்ஸ்சரைசர். ஒன்று பழகி இரண்டு வாரம் ஆன பிறகுதான் அடுத்தது. புதிதாக எதை வாங்கினாலும் முதலில் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு நாள் தன் டாக்டரிடமும் கூட்டிப்போய்க் காட்டினாள். அவர் இரவில் பூச ஓர் ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்து, மாதக்கணக்கில் ஆகும், அவசரப்படக் கூடாது என்று சொல்லியனுப்பினார்.

கடைசியாக வந்தது சன்ஸ்கிரீன். அதை வீட்டில் போட வேண்டாம் என்றாள். எங்களைப் போல நாலரைக்கு எழுந்து அடுப்படியில் வெந்துவிட்டு வருகிறவர்களுக்குப் போட்டதெல்லாம் வியர்வையில் வழிந்துவிடும். ரயிலில் ஏறி, உடம்பு காய்ந்த பிறகு, கோரமண்டல் ஸ்டேஷன் தாண்டியதும் போடு. ஆள்காட்டி விரல், நடுவிரல், இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகம், கழுத்து, காது வரை.

இந்தப் பூசைதான் என்னால் தாங்க முடியாமல் போனது. கோரமண்டல் தாண்டியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டியூபைத் திறப்பார்கள். அக்கா முகத்தை முன்னால் நீட்டி, சரியாப் பரவிச்சா பாரு என்பாள். மினுக்கி எதிரிலிருந்து கையை நீட்டிக் காதோரம் விட்டுப்போனதைத் தடவிவிடுவாள். பதினோரு வருடமாக அக்காவின் பொட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறவள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய கொடுமை ஒயிட்ஃபீல்டு. நான் அங்கே இறங்க வேண்டும். அவர்கள் இரண்டு பேரும் கன்டோன்மென்ட் வரை போவார்கள். முன்பெல்லாம் நான் இறங்கியதும் அக்கா கண்ணை மூடித் தூங்கிவிடுவாள். இப்போது நான் பிளாட்பாரத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், வண்டி நகரும்போதே இரண்டு தலையும் கிட்டக் கிட்ட வந்து பேச ஆரம்பித்திருக்கும். நான் இல்லாத அந்த அரை மணி நேரத்தில் என்ன பேசுவார்கள் என்று அன்றைக்கு முழுக்க யோசிப்பேன். ஒரு நாள் இந்த யோசனையில் இடது கையும் வலது கையும் மாற்றித் தைத்த சட்டை ஒன்றை ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

சரி, முகம்தானே விஷயம், நமக்கும் முகம் இருக்கிறது என்று நானும் இறங்கினேன். அவளிடம் கேட்பேனா, மாட்டேன். போனில் பார்த்தேன். காபித்தூளும் சர்க்கரையும் கலந்து தேய்ப்பது ஒருத்தி சொன்னது. அரிசி கழுவிய தண்ணீர் இன்னொருத்தி. எலுமிச்சையும் தேனும் மூன்றாமவள். பார்சலில் ஒரு சீரம் வரவழைத்தேன். பஜாரில் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் எடுத்துக் கொடுத்த ஒரு கிரீம். அவள் இரண்டு மாதத்தில் சேர்த்ததை நான் ஒரே வாரத்தில் முடித்துவிடலாம் என்று எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் பெயின்டர். கண்ணாடி முன்னால் நான் நிற்பதைப் பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டுச் சொன்னார்: "பட்டி காயறதுக்கு முன்னாடி பிரைமர் அடிச்சா, மொத்தமா உரிஞ்சிக்கினு வந்துடும். செவுத்துக்கே அந்த கதி. இது தோலு." மனிதர்கள் தங்கள் தொழிலை வைத்துச் சொல்கிற பேச்சு எனக்கு எப்போதும் பிடிக்கும், வீட்டில் அவர் சொல்வதையெல்லாம் ஃபேக்டரியில் போய்ச் சொல்லிச் சிரிப்பேன். அன்றைக்கு மட்டும் காதில் விழவில்லை.

உரிந்துதான் வந்தது. ஐந்தாவது நாள் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து, கன்னம் காந்தி, மோவாய் செதில் செதிலாக நின்றது. முந்தானையால் மூடிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றேன். மினுக்கி பக்கத்தில் வந்து, என்ன ஆச்சு என்று மெதுவாகக் கேட்டாள். வெயில் என்றேன். மார்கழிக்கு முந்தின பனி, மூச்சு விட்டால் புகை வருகிறது, வெயிலாம். அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்து, "எல்லாத்தையும் நிறுத்திட்டு இத மட்டும் போடுங்கக்கா, வாசனை எதுவும் இல்லாதது" என்று என் கையில் வைத்தாள். என் வயதுக்காரி என்னை அக்கா என்கிறாளே என்பதுதான் முதலில் சுட்டது. டியூபை வாங்கிப் பைக்குள் போட்டேன், நன்றி சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டேன். ஒரு வாரத்தில் காந்தல் அடங்கியது. அது அடங்க அடங்க இன்னொரு காந்தல் ஏறியது. என்னையும் அவள்தான் சரி செய்ய வேண்டியிருக்கிறதே என்று.

அப்புறம் கார்த்திகை பிறந்த முதல் வாரம். நான் கர்ச்சீப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வண்டி புறப்பட இன்னும் பத்து நிமிடம். பெட்டியில் நாங்கள் இரண்டு பேரும் இன்னும் நாலைந்து பேரும். மினுக்கி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

சொல்லு என்றேன்.

"அவங்களுக்கு மங்கு வலது பக்கம் தான் ஜாஸ்தி. இடது பக்கம் இருக்குதா இல்லயான்னு தேடணும். கவனிச்சீங்களா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை.

"ஜன்னல் பக்கம். பங்காரப்பேட்டை தாண்டினா கன்டோன்மென்ட் வரைக்கும் வெயிலு நேரா அந்தக் கன்னத்துல தான் உழுது. இத்தினி வருசமா. மங்குக்கு ஆயிரம் காரணம் இருக்குது, வயசு, அடுப்பு, வீட்டு வாகு. ஆனா ஒரு பக்கம் மட்டும் இப்படி ஏறினதுக்கு இந்த சீட்டு தான். டாக்டர் கூட எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு கேட்டாரு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "எதிர்ல உக்காந்ததால எனக்குத் தெரிஞ்சிச்சு. நீங்க அவங்களுக்கு அந்தப் பக்கம் உக்காறீங்க, உங்களுக்கு எப்படித் தெரியும்."

நீயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"சீட்டு புடிக்கறது நீங்க. நான் சொன்னா உங்கள குத்தம் சொல்ற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுங்க, உள்பக்கம் உக்காரட்டும். கிரீமு பாதி வேலை தான் செய்யும்."

ஊரிகம் வந்தது. அக்கா ஏறினாள். நான் கர்ச்சீப்பை எடுத்து இடம் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பங்காரப்பேட்டை தாண்டி, டேக்கல் வருவதற்குள் வெயில் வந்தது. நான் முன்னால் குனிந்து, முதல் தடவையாக அந்தப் பக்கக் கன்னத்தை உற்றுப் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவில் வெயில் விழுந்த இடமும் மங்கு படர்ந்த இடமும் வெட்டி ஒட்டிய மாதிரி பொருந்தியிருந்தன. பதினோரு வருடம் நான் பார்த்துக்கொண்டு வந்தது இடது கன்னத்தை. அதில் குறை கிடையாது. காலர் நூல் கண்ணுக்குத் தெரிகிற எனக்கு, பக்கத்தில் இருந்தவளின் பாதி முகம் தெரியாமல் போயிருக்கிறது.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கூச்சப்படாமல் எழுதுகிறேன். சொன்னால், கண்டுபிடித்தவள் அவள், காரணம் நான் என்று ஆகும். அக்காவுக்கு நான் செய்தது என்று என்னிடம் இருந்த ஒரே விஷயம் அந்த ஜன்னல் சீட்டு. அதையும் எடுத்துவிட்டால், செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டவள் என்பதைத் தவிர எனக்கு என்ன மிச்சம்? அவள் சன்ஸ்கிரீன் போடுகிறாள் அல்லவா, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருபது நாள். இருபது நாளும் காலை ஆறு மணிக்குப் போய் அதே ஜன்னலுக்குக் கர்ச்சீப் போட்டேன். மினுக்கி எதிரே உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். ஒரு நாளும் கேட்கவில்லை. நீ சொல்லலியா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவளைத் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

இருபதாவது நாளோ அதற்கு மறுநாளோ, மாலூர் ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. அக்கா பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவலமே" என்றாள் என்னிடம். எதிரே மினுக்கி இருந்தாள், ஆனாலும் என்னிடம்தான் சொன்னாள். "கல்யாணத்துக்கு இன்னும் ஒண்ணரை மாசம் தான். இதெல்லாம் எனக்கு ஒத்து வராது போல. பேசாம விட்டுடலாம்னு பாக்கறேன்."

எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். வெட்கமாக இருந்தாலும் சந்தோஷம்தான். மினுக்கியின் வைத்தியம் பலிக்கவில்லை. அக்கா என் பக்கம் திரும்பிச் சொல்கிறாள். மூன்று மாதமாக நான் வேண்டிக்கொண்டது இதுதான். எதிரே பார்த்தேன். மினுக்கி டியூபை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அவள் மேல் பழி நிற்காது. சொல்லவில்லை. பையின் ஜிப்பை இழுத்தாள், சிக்கிக்கொண்டது, மறுபடி இழுத்தாள். கண் மட்டும் ஒரு தடவை என் மேல் வந்து போனது.

வண்டி நகர்ந்தது. நான் சொன்னேன்.

"அக்கா, நீ அந்த சீட்ல உக்காராத."

இன்னாத்துக்கு என்றாள். கன்னத்தைக் காட்டினேன், ஜன்னலைக் காட்டினேன், வெயிலைக் காட்டினேன். பதினோரு வருடம் நான் பிடித்துக் கொடுத்த சீட்டு என்பதையும் சொன்னேன். அவள் கண்ணாடியில் ஒரு தடவை, ஜன்னலில் ஒரு தடவை பார்த்தாள்.

"இத யாரு கண்டுபுடிச்சது?"

எதிரே கையைக் காட்டினேன்.

"எப்ப?"

இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல இடமிருந்தது. இன்றைக்குக் காலையில் என்றால் போதும், மினுக்கியும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். அது தெரிந்துதான் என்னால் சொல்ல முடியவில்லை. "கார்த்திகை பொறந்தப்ப" என்றேன்.

அக்கா விரலை மடக்கி எண்ணினாள். பிறகு மெதுவாக, பெட்டியில் வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "மூஞ்சிக்கு இன்னா போடறதுன்னு இவ சொல்லிட்டா. உன் வயித்தெரிச்சலுக்கு இன்னா போடறதுமே?"

கண்ணாடியைப் பையில் போட்டாள். ஒயிட்ஃபீல்டில் நான் எழுந்தேன். தினமும் சாயங்காலம் பார்க்கலாம் என்பாள், அன்றைக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் எங்கள் வண்டியில் அவள் வரவும் இல்லை. மினுக்கி மட்டும் வந்தாள். அக்கா முன் வண்டியிலேயே போய்விட்டதாகச் சொன்னாள். வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டு பேரும் மாரிக்குப்பம் வரை எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம், இரண்டு பேருக்கும் நடுவில் பேச அக்காவைத் தவிர வேறு விஷயம் இல்லை.

மறுநாள் போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். போனேன். எந்த சீட்டுக்குக் கர்ச்சீப் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கடைசியில் உள்பக்கம், நடைபாதை ஓரமாகப் போட்டேன். வண்டி சாம்பியன் ஸ்டேஷன் தாண்டும்போது கர்ச்சீப்பை ஒரு தடவை இழுத்துச் சரி செய்தேன். ஊரிகத்தில் அக்கா ஏறினாள். எங்கள் பெட்டியில்தான் ஏறினாள். கர்ச்சீப்பை எடுத்து மடித்து என் மடியில் போட்டாள். நடைபாதை ஓரத்தில் உட்காரவில்லை, நடுவில் உட்கார்ந்தாள். ஜன்னல் காலியாக இருந்தது. அதைக் கண்ணால் காட்டினாள்.

"போ. நீ உக்காரு. பதினோரு வருசம் நான் வாங்கினத நீயும் கொஞ்சம் வாங்கு."

நான் உட்கார்ந்தேன். கோரமண்டல் தாண்டியதும் தன் டியூபைத் திறந்தாள். என் கையை இழுத்து, என் இரண்டு விரலிலும் நீளமாகப் பிதுக்கினாள். "வெறும் மூஞ்சோட ஜன்னலாண்ட உக்காராத. அப்புறம் உன் மூஞ்சிய வேற நான் பாக்கணும்" என்றாள். எனக்குப் பூசத் தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாக நின்றது. எதிரிலிருந்து மினுக்கி, புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு அப்புறம் தடவுங்க என்றாள். தடவினேன்.

கல்யாணத்துக்குள் மங்கு போய்விடவில்லை. டாக்டர் சொன்னதுபோல மாதக்கணக்குத்தான். ஒரு ஷேடு குறைந்தது. மேடையில் மேக்கப் போட வந்த பெண்ணிடம், ரொம்ப அப்பாதே, என் தோலுக்கு ஒரு டைம்டேபிள் இருக்குது என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். மினுக்கியும் வந்திருந்தாள். நீலப் பட்டு. அந்த விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதப் போவதில்லை.

எனக்கும் இப்போது மூன்று பொருள்தான். காலையில் கழுவுவது, அதன் மேல் மாய்ஸ்சரைசர், ரயிலில் சன்ஸ்கிரீன். சாயங்காலம் வந்ததும் அன்றைய தூசியும், சுரங்கத்தில் தங்கம் எடுத்துக் கொட்டிய சைனைடு மேட்டு மண்ணும் போகக் கழுவிவிட்டு மறுபடி மாய்ஸ்சரைசர். புதிதாக ஒன்றைத் தொட்டால் முதலில் முழங்கை மடிப்பு. நான்கு மாதமாக விடாமல் செய்கிறேன். மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவில் இருந்த சண்டை கொஞ்சம் ஓய்ந்திருக்கிறது. பொறாமை மட்டும் எதைப் போட்டும் ஒரே ஷேடில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் டியூப் தீர்ந்துவிட்டது. ஆண்டர்சன்பேட்டையில் மெடிக்கலுக்கு இரண்டு பேரும் போனோம். அவள் வழக்கமாக வாங்குகிறது இல்லை, கடைக்காரர் வேறு இரண்டு வகையை எடுத்து வைத்தார். அக்கா இரண்டையும் என்னிடம் நீட்டி, நீயே பாத்து ஒண்ண எடுமே என்றாள். இந்த வார்த்தைக்காக நான் எத்தனை நாள் காத்திருந்தேன். இரண்டையும் திருப்பித் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்து. படிக்க முடிந்தது, எது அவள் தோலுக்கு ஆகும் என்று மட்டும் புரியவில்லை. அழகாக இருந்த டப்பாவை எடுத்துக் கொடுத்திருக்கலாம். என் போனை எடுத்து நானே மினுக்கிக்குப் போட்டு, அக்காவின் கையில் கொடுத்தேன்.

டியூப் விவகாரம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது, என் இடது கையில் இருந்ததைத்தான் வாங்கச் சொன்னாள். அதற்கு மேல் ஏழெட்டு நிமிடம் பேசினார்கள். என் போனில். அக்கா கல்லாவில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.  கண்ணாடி அலமாரியில் இருந்த இருமல் மருந்துகளின் பெயரையெல்லாம் வரிசையாகப் படித்தேன். கேட்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

கடையை விட்டு இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள், "இன்னா சொன்னா?" என்று கேட்டுவிட்டேன்.

"உன்னப் பத்தி ஒண்ணும் இல்ல, வா" என்றாள் அக்கா.